லெஸ்லி ஸ்டீபன், ஆல்ப்ஸ் ஏறிய இலக்கியவாதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபைப் படித்தவர்களுக்கு லெஸ்லி ஸ்டீபன் என்றால் அவருடைய அப்பா. மலையேற்ற வரலாறு படிப்பவர்களுக்கு ஷ்ரெக்ஹார்ன் உச்சியில் முதலில் ஏறியவர். நூலகங்களில் காலம் கழிப்பவர்களுக்கு, பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியைத் தொடங்கி நடத்திய ஆசிரியர். மூன்று பேரும் ஒரே ஆள்தான். அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் சாய்வை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் எழுதிக் குவித்ததில் மலையைப் பற்றி எழுதியதுதான் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது என் கட்சி.

எப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர்?

1832 நவம்பர் 28 அன்று லண்டனின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தாத்தா ஜேம்ஸ் ஸ்டீபன் அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய கிளாப்ஹம் குழுவைச் சேர்ந்தவர். அப்பா சர் ஜேம்ஸ் ஸ்டீபன் காலனி அலுவலகத்தில் உயர் அதிகாரி; பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவை எழுதியவர். அம்மா ஜேன் வென் கிளாப்ஹம் திருச்சபைப் போதகரின் மகள். பக்தி, கடமை, கணக்குப் பார்த்த ஒழுக்கம், இவைதான் வீட்டுக் காற்று.

அந்த அப்பாவைப் பற்றி லெஸ்லி சொல்லும் ஒரு சம்பவம் போதும். மனிதர் ஒருமுறை சுருட்டு பிடித்துப் பார்த்தாராம். அவ்வளவு நன்றாக இருந்ததாம். அதனாலேயே வாழ்நாளில் மறுபடி சுருட்டைத் தொடவில்லை.

சிறுவயதிலிருந்தே திடகாத்திரமானவரா?

நேர் எதிர். நோஞ்சான் பிள்ளை, எதற்கெடுத்தாலும் உணர்ச்சிவசப்படுபவர். கவிதை கேட்டால் பையன் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடைகிறான், அதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள் என்று மருத்துவர் சொல்லும் அளவுக்கு இருந்தது நிலைமை. ஈட்டன் பள்ளியில், விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து போய்வந்து படித்தார்.

கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரிக்குப் போன பிறகுதான் ஆள் மாறினார். 1854இல் கணிதத் தேர்வில் 20ஆம் இடம். அதே கல்லூரியில் ஆய்வாளராகவும் பிறகு ஆசிரியராகவும் தங்கிவிட்டார். கல்லூரிப் படகோட்டும் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். ஆற்றில் படகு போகும்போது கரையில் கூடவே கத்திக்கொண்டு ஓடுவார். நடையிலும் அப்படித்தான். மலையேறிகளின் சங்கமான ஆல்பைன் கிளப்பின் விருந்துக்காக கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன் வரைக்கும் 50 மைல் தூரத்தை, வெயில் காய்ந்த ஒரு நாளில், 12 மணி நேரத்தில் நடந்தே போய்ச் சேர்ந்தவர்.

பாதிரியாராக இருந்தவர் ஏன் மதத்தை விட்டார்?

கல்லூரியில் அந்தப் பதவியில் நீடிக்க வேண்டுமென்றால் குருப்பட்டம் வாங்கியாக வேண்டும் என்பது அன்றைய விதி. 1855இல் முதல்நிலைப் பட்டமும் 1859இல் முழுப் பட்டமும் பெற்றார். மில், காம்ட் போன்ற தத்துவவாதிகளைப் படிக்கப் படிக்க, தேவாலய வழிபாட்டை நடத்துவது அவருக்குத் தொண்டையில் சிக்கியது. நோவாவின் வெள்ளக் கதையை நடந்த வரலாறாக நின்று வாசிக்க வாய் வரவில்லை. 1862இல் வழிபாட்டில் பங்கெடுக்க மறுத்து ஆசிரியப் பொறுப்பைத் துறந்தார். சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜையும் விட்டுவிட்டு லண்டனில் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்க வந்தார்.

நம்பிக்கையை இழந்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தனக்கு அது எப்போதுமே இருந்ததில்லை என்பதைக் கண்டுகொண்டேன் என்றுதான் பின்னாளில் எழுதினார். 1865இல் நாட்குறிப்பில், இப்போது எதையும் நம்பவில்லை, ஆனால் ஒழுக்கத்தின் மேல் உள்ள பிடிப்பு குறையவில்லை, முடிந்தால் கனவானாக வாழ்ந்து கனவானாகச் சாவேன் என்று குறித்தார்.

சட்டப்படி குருப்பட்டத்தைத் துறந்தது 1875 மார்ச் 23 அன்று. அந்த இரவின் சித்திரம் நமக்குக் கிடைத்திருக்கிறது, காரணம் சாட்சிக் கையெழுத்துப் போட அவர் கூப்பிட்டனுப்பிய ஆள் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி. நேரம் கெட்ட நேரத்தில் ஹார்டி போகிறார். நூலக அறையில் செருப்பு மாட்டிய கால்களோடு, ஒல்லி உடம்பைச் சுற்றி ஓர் அங்கியோடு, ஸ்டீபன் மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கிறார். உயில் ஏதோ எழுதுகிறார் போலிருக்கிறது என்று ஹார்டி நினைத்தாராம். பார்த்தால் துறவுப் பத்திரம், அதாவது குருத்துவத்தைத் துறக்கும் பத்திரம். கையெழுத்தான பிறகு இருவரும் செத்துப்போன இறையியல்களைப் பற்றியும், பொருள்களின் தோற்றம் பற்றியும், காலம் என்று ஒன்று உண்மையில் உண்டா என்பது பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடவுள் உண்டா இல்லையா என்பதை மனிதனால் அறிய முடியாது என்ற நிலைப்பாட்டுக்கு உயிரியலாளர் ஹக்ஸ்லி பெயர் வைத்தார் என்றால், அதைப் படித்தவர்கள் மத்தியில் பரப்பியதில் ஸ்டீபனுக்குப் பெரிய பங்கு உண்டு.

மலையேற்றத்தில் அவர் அப்படி என்ன சாதித்தார்?

1854க்கும் 1865க்கும் இடைப்பட்ட காலத்தை ஆல்ப்ஸ் மலையேற்றத்தின் பொற்காலம் என்பார்கள். யாரும் ஏறாத உச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறப்பட்ட காலம். ஆணி அடித்த தோல் காலணி, சணல் கயிறு, நீளமான கைத்தடி, வழிகாட்டியின் கையில் படிவெட்டும் கோடரி. அவ்வளவுதான் கருவிகள்.

இதை வைத்துக்கொண்டு ஸ்டீபன் முதலில் ஏறிய உச்சிகள் ஒரு கைக்குள் அடங்காது. 1859இல் பீட்ஷ்ஹார்ன், ரிம்ப்ஃபிஷ்ஹார்ன். 1860இல் ஆல்ஃபூபல், ப்ளூம்லிஸால்ப்ஹார்ன். 1861இல் 4,078 மீட்டர் உயரமுள்ள ஷ்ரெக்ஹார்ன்; பெர்ன் பகுதி மலைகளிலேயே மிரட்டலானது என்று அன்றைக்குப் பேர் வாங்கியிருந்தது அது. 1862இல் இத்தாலியப் பக்கத்து மான்டே டிஸ்கிராட்ஸியா. 1864இல் 4,221 மீட்டர் உயர ஸினால்ரோட்ஹார்ன். கடைசியாக 1871இல் மோன் மாலே.

1858இலேயே ஆல்பைன் கிளப்பில் சேர்ந்தவர், 1866 முதல் 1868 வரை அதன் தலைவர். மேட்டர்ஹார்ன் மலையில் நான்கு பேர் விழுந்து இறந்து, இந்தப் பைத்தியக்காரத்தனம் தேவையா என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் கேட்ட 1865ஆம் ஆண்டுக்கு அடுத்து வந்த தலைமை அது. பிறகு நான்கு ஆண்டுகள் கிளப்பின் பத்திரிகைக்கும் ஆசிரியர்.

வழிகாட்டிகள் தூக்கிவிட, துரைமார் பெயர் வாங்கிக்கொண்டார்கள் என்கிறார்களே?

பல பேர் விஷயத்தில் நியாயமான குற்றச்சாட்டு. ஸ்டீபன் விஷயத்தில் அதை அவரே முதலில் சொல்லிவிட்டார். தன் ஏற்றங்களை எல்லாம் உள்ளபடி விவரிக்க வேண்டுமானால், வழிகாட்டிகளான மிஷேலோ ஆன்டரெக்கோ லாவெனரோ திறமையும் பலமும் துணிச்சலும் வேண்டிய ஒரு காரியத்தைச் செய்து முடித்தார், மூட்டையையும் முதலாளியையும் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்ததால் அந்தக் காரியம் இன்னும் கடினமாயிற்று என்றுதான் எழுத வேண்டும் என்றார். பணிவுக்காகச் சொன்ன பேச்சாக இது எனக்குப் படவில்லை. ஷ்ரெக்ஹார்னில் கிறிஸ்டியான் மிஷேல், பீட்டர் மிஷேல், உல்ரிக் காஃப்மன் என்ற மூன்று வழிகாட்டிகள் கூட ஏறினார்கள் என்பது பதிவில் இருக்கிறது.

அவருக்கு மிகவும் பிடித்தவர் மெல்கியோர் ஆன்டரெக். மைரிங்கன் பக்கத்துக்காரர், மரச்சிற்பி, நிதானமான மனிதர். மெல்கியோர் ஒருமுறை இங்கிலாந்து வந்தபோது, ரயிலில் லண்டனை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கிகளாக நீண்டுகொண்டே போகிறது. மான் ப்ளாங்க் மேலிருந்து நாம் பார்த்ததுபோல் இது இல்லைதான் என்று ஸ்டீபன் ஏதோ மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்ல, “ஐயா, இது அதைவிட எவ்வளவோ அழகு” என்றாராம் மெல்கியோர். மலையழகு நகரத்துக்காரர்கள் கண்டுபிடித்ததுதான் என்பதை, தன் கட்சிக்கே எதிராக இருந்தாலும் போட்டு உடைக்கிற இந்த மாதிரி இடங்கள் அவர் புத்தகத்தில் நிறைய.

டிண்டாலோடு என்ன சண்டை?

ஜான் டிண்டால் இயற்பியலாளர், அவரும் பெரிய மலையேறி, பனியாறுகளை ஆராய்ந்தவர். அந்தக் காலத்தில் மலையேறப் போகிறவர்கள் வெப்பமானி, காற்றழுத்தமானி சகிதம் போய், அறிவியலுக்காகத்தான் ஏறினோம் என்று சாக்குச் சொல்வது வழக்கம். ஸ்டீபனுக்கு இது பொறுக்காது. ஸினால்ரோட்ஹார்ன் (சுருக்கமாக ரோட்ஹார்ன்) ஏற்றத்தைப் பற்றிய கட்டுரையில், என்ன அறிவியல் அவதானிப்புகள் செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் கொடுத்த பதில்: என்னிடம் வெப்பமானி இல்லை, ஆனால் குளிர் உறைநிலைக்குக் கீழே சுமார் 212 டிகிரி ஃபாரன்ஹீட், ஓசோன் என்ற ஒன்று அங்கே இருந்திருந்தால், நான் நினைத்ததைவிட அது பெரிய முட்டாள்.

டிண்டாலுக்கு இந்த மாதிரிக் கிண்டல் சுருக்கென்று பட்டது. கிளப்பிலிருந்தே விலகினார். ஏறுவதற்கு ஏறுகிற சந்தோஷம் தவிர வேறு நியாயம் தேவையில்லை என்பது ஸ்டீபனின் கட்சி. இன்றைக்கு மலையேறுகிறவர்கள் யாரும் அதை விவாதிப்பதுகூட இல்லை.

மலைக் கட்டுரைகளில் எது சிறந்தது?

1871இல் வந்த ‘ஐரோப்பாவின் விளையாட்டுத் திடல்’ என்ற தொகுப்பு பிரபலமானது. ஆனால் என்னைக் கேட்டால், 1873இல் மான் ப்ளாங்க் உச்சியில் சூரிய அஸ்தமனம் பார்த்ததைப் பற்றிய கட்டுரை. ஏற்றம் என்ற அளவில் அதில் ஒன்றும் இல்லை. மான் ப்ளாங்க் அதற்குள் எத்தனையோ பேர் ஏறிய மலை. ஆனால் மாலையில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். இருட்டினால் பனியில் வழி தெரியாது. ஓவியர் நண்பர் காப்ரியேல் லொப்பேவும் ஸ்டீபனும் வேண்டுமென்றே அங்கே தங்கினார்கள், சூரியன் மறையும்வரைக்கும்.

சூரியன் மேற்கே சரியச் சரிய மலையின் சொந்த நிழல் கிழக்கே நீள ஆரம்பிக்கிறது. முதலில் பள்ளத்தாக்கை விழுங்குகிறது, பிறகு எதிர்ப்பக்கத்து மலைகளை ஒவ்வொன்றாக. கூம்பு வடிவ நிழல், முனை அவர்களிடமிருந்து விலகி விலகிப் போகிறது. ஒரு கட்டத்தில் அது தரையை விட்டு எழும்பி வானத்திலேயே நிற்பதுபோல் தெரிகிறது. லொப்பே ஓவியர் என்பதால் நிறத்தைப் பார்க்கிறார். ஸ்டீபன் அந்த நிழலின் விளிம்பு எப்படி நகர்கிறது என்பதைக் கணக்கு வாத்தியார் கண்ணால் பார்த்து எழுதுகிறார். அலங்காரமே இல்லை, ஆனாலும் உடம்பு சிலிர்க்கும். எழுதியதெல்லாம் இப்படி இருந்திருந்தால் அவரைப் பற்றி நாம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்.

பத்திரிகை ஆசிரியராக எப்படி?

1871 முதல் 1882 வரை ‘கார்ன்ஹில்’ மாத இதழின் ஆசிரியர். ஹார்டியின் ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்’ 1874இல் தொடராக வந்தது இங்கேதான். ஹென்றி ஜேம்ஸின் ‘டெய்ஸி மில்லர்’ வந்ததும் இங்கேதான். இளம் எழுத்தாளர் ஸ்டீவன்சனுக்கு இடம் கொடுத்தார்; 1875இல் எடின்பரோ மருத்துவமனையில் படுத்திருந்த கவிஞர் ஹென்லியிடம் அவரை அழைத்துப்போய் அறிமுகம் செய்தவரும் இவரே.

ஆனால் குடும்பப் பத்திரிகை. ஹார்டியின் கதையில் ஒரு பெண் ஏமாற்றப்படும் இடத்தைப் பட்டும்படாமலும் கையாளும்படி கேட்டுக்கொண்டார். வேறொரு பத்தியைக் கண்டித்து மூன்று மரியாதைப்பட்ட பெண்மணிகள் கடிதம் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு ‘டைம்ஸ்’ அந்தப் பத்தியையே பாராட்டி எடுத்துப் போட, ஹார்டி அதைக் காட்டினார். “நான் ஆசிரியராகச் சொன்னேன், மனிதனாகச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நீங்கள் ஒரு குழந்தை” என்பதுபோல் முடித்துவிட்டார் ஸ்டீபன். மதத்தில் எந்தச் சமரசமும் செய்யாத ஆள், சந்தாதாரர்களிடம் இப்படி வளைந்துகொடுத்தது எனக்கு எப்போதும் உறுத்தும்.

தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி அவ்வளவு பெரிய வேலையா?

பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் உலகம் முழுவதையும் அடக்கும் அகராதி ஒன்று போட ஆசைப்பட்டார். நடக்கிற காரியமா, பிரிட்டனோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொன்னவர் ஸ்டீபன். 1882இல் வேலை ஆரம்பித்து முதல் தொகுதி 1885இல் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தொகுதி என்ற கணக்கு பிசகாமல், 1900இல் 63 தொகுதிகளோடு முடிந்தது. அகரவரிசையில் இறந்துபோனவர்கள் எல்லாரும். போதகர், கொள்ளைக்காரன், கவிஞர், கப்பல் தலைவன். கட்டுரையாளர்களிடம் கேட்டது தேதியும் ஆதாரமும் சுருக்கமும். புகழ்மாலை வேண்டாம் என்பதுதான் கண்டிப்பான விதி.

மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியது போக, தானே 378 கட்டுரைகள் எழுதினார். உடம்பு தாங்கவில்லை. 1891இல் விலகினார், சிட்னி லீ தொடர்ந்தார். இந்த அகராதியின் பாரம் தானும் தம்பி ஏட்ரியனும் வயிற்றில் இருக்கும்போதே தங்களை நசுக்கிவிட்டது என்று வர்ஜீனியா பின்னாளில் நாட்குறிப்பில் பாதி வேடிக்கையாக எழுதினார். வர்ஜீனியா பிறந்தது 1882, ஏட்ரியன் 1883. கணக்கு சரியாகத்தான் வருகிறது.

குடும்ப வாழ்க்கை?

1867இல் நாவலாசிரியர் தாக்கரேயின் மகள் மின்னியைத் திருமணம் செய்தார். 1875 நவம்பர் 28 அன்று, ஸ்டீபனின் 43ஆவது பிறந்த நாளில், கர்ப்பமாக இருந்த மின்னி இறந்தார். அதற்குப் பிறகு அவர் தன் பிறந்த நாளைக் கொண்டாடவில்லை. அவர்களுடைய மகள் லாரா மனவளர்ச்சி குன்றியவர். பிற்காலம் முழுவதும் காப்பகங்களில் கழித்து 1945இல் காலமானார். அந்த வீட்டின் கதைகளில் மிகக் குறைவாகப் பேசப்படும் பெயர் அது.

1878இல் ஜூலியா டக்வொர்த்தை மணந்தார். கணவரை இழந்தவர், மூன்று குழந்தைகளின் தாய். வனெஸ்ஸா, தோபி, வர்ஜீனியா, ஏட்ரியன் என்று நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். கோடைகாலமெல்லாம் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் கடலைப் பார்த்த டாலண்ட் ஹவுஸில். 1895இல் ஜூலியா இறந்தார். அந்தத் துக்கத்தில் குழந்தைகளுக்காக எழுதிய நினைவுக்குறிப்பு பிறகு அச்சிலும் வந்தது.

வர்ஜீனியாவின் ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவலின் மிஸ்டர் ராம்ஸே இவர்தானா?

ஆமாம். அப்படியே அச்சு என்று சொல்ல முடியாது, ஆனால் மூலப்பொருள் அவர்தான். 1927இல் வந்த நாவல் ஸ்காட்லாந்துத் தீவில் நடப்பதாக எழுதப்பட்டிருந்தாலும் அந்த வீடு டாலண்ட் ஹவுஸ், அந்தக் கலங்கரை விளக்கம் காட்ரெவி.

ஜூலியா போன பிறகு வீட்டில் நடந்ததை வர்ஜீனியாவே எழுதியிருக்கிறார். புதன்கிழமை வந்தால் வாராந்தரக் கணக்கு நோட்டு. ஜூலியாவின் மூத்த மகள் ஸ்டெல்லா 1897இல் இறந்துபோனதும் அந்த வேலை பதினெட்டு வயது வனெஸ்ஸா தலையில் விழுந்தது. செலவு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிவிட்டால் போதும், நான் அழிந்தேன், நாசமானேன் என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்துவார். வனெஸ்ஸா வாயே திறக்காமல் நிற்பாள். கடைசியில் நடுங்குகிற கையால் காசோலையில் கையெழுத்துப் போடுவார். ஆண்கள் முன்னால் அவர் ஒருநாளும் இப்படி நடந்துகொண்டதில்லை என்பதுதான் வர்ஜீனியாவை அதிகம் எரிச்சல்படுத்தியது.

மகன்கள் கேம்பிரிட்ஜ் போனார்கள். மகள்களுக்குப் பள்ளிக்கூடம்கூட இல்லை. ஆனால் தன் நூலகத்தை எந்தத் தடையும் இல்லாமல் வர்ஜீனியாவுக்குத் திறந்துவிட்டார். எது பிடிக்கிறதோ அதைப் படி, பிடிக்காததைப் பிடித்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்பதுதான் அவர் கற்றுக்கொடுத்த ஒரே விமர்சனப் பாடம். இரண்டையும் ஒரே மனிதர்தான் செய்தார். 1928இல், அப்பா உயிரோடிருந்தால் இன்றைக்கு 96 வயது, அவர் வாழ்வு என் வாழ்வை முழுக்க முடித்திருக்கும், எழுத்து இல்லை, புத்தகங்கள் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார் மகள். நான்கு ஆண்டுகள் கழித்து அவரது நூற்றாண்டுக்கு ‘டைம்ஸ்’ இதழில் பாசமான கட்டுரை எழுதியதும் அதே மகள்தான்.

ஹார்டி இவரைப் பற்றிக் கவிதை எழுதினாராமே?

1897இல் சுவிட்சர்லாந்தில் ஷ்ரெக்ஹார்னைப் பார்த்தபோது ஹார்டிக்கு மலை தெரியவில்லை, ஸ்டீபன் தெரிந்தார். ஒட்டி உலர்ந்த உருவம், ஒதுங்கி நிற்கும் சுபாவம், கிட்டே போகக் கஷ்டம். அதைப் பதினான்கு வரியில் எழுதினார். நாவலாசிரியர் மெரெடித்தும் தன் ‘தி ஈகோயிஸ்ட்’ நாவலில் வெர்னன் விட்ஃபோர்ட் பாத்திரத்தை இவரை வைத்துத்தான் படைத்தார். இருவரும் ஞாயிற்றுக்கிழமை நெடுநடை போகும் கூட்டாளிகள். 1879இல் அந்த நடைக்குழுவைத் தொடங்கியவர் ஸ்டீபன்.

இந்தியாவோடும் இலங்கையோடும் தொடர்பு உண்டா?

அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். அண்ணன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வைஸ்ராயின் சட்ட உறுப்பினர். நம் வழக்கறிஞர்கள் 2024 வரை புரட்டிக்கொண்டிருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் அவர் வரைந்தது. ஜூலியா பிறந்தது கல்கத்தாவில். ஜூலியாவின் பெரியம்மா, புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், கடைசிக் காலத்தில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் வைத்திருந்த கணவரோடு குடியேறி, தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879இல் அங்கேயே இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில்.

ஸ்டீபன் 1904 பிப்ரவரி 22 அன்று புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு இறுதியில் தோபியின் கேம்பிரிட்ஜ் நண்பன் ஒருவன் இலங்கைக்குக் கப்பலேறி, யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசு நிர்வாக அலுவலகத்தில், அதிகாரியாகச் சேர்ந்து தமிழ் படித்தான். அவன் பெயர் லெனார்ட் வுல்ஃப். 1912இல் வர்ஜீனியாவை மணந்தான்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

‘ஐரோப்பாவின் விளையாட்டுத் திடலில்’ ஷ்ரெக்ஹார்ன், ரோட்ஹார்ன் பற்றிய இரண்டு கட்டுரைகள் முதலில். பிறகு மான் ப்ளாங்க் அஸ்தமனம். முதல் பதிப்பில் இருக்காது, பின்வந்த பதிப்பைத் தேட வேண்டும். இலக்கிய விமர்சனம் வேண்டுமென்றால் ‘நூலகத்தில் சில மணி நேரங்கள்’ தொகுப்பில் நாவலாசிரியர் டீஃபோ பற்றியது. 1876இல் வந்த பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனை வரலாறு கனமான நூல், தேவைப்படுகிறவர்கள் எடுத்தால் போதும். ஒழுக்க அறிவியல் பற்றிய புத்தகத்தை அவருக்கே கடைசிவரை பிடித்திருந்தது. படிப்பவர்களுக்கு அப்படி இல்லை. எல்லாமே காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.